வீட்டுக் கணினியில் லினக்ஸ்: இடர்களும் அவற்றைக் களையும் முறையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்துள்ள ஊர் உடையார்கட்டு. குளமும் வயலும் சூழ்ந்த அவ்வூரின் மக்கள், வன்னியின் ஏனைய ஊரவரைப் போலவே, 2009ஆம் ஆண்டில் வீடுவாசல் யாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியேறி, வாழ்வை அடிநிலையிலிருந்து கட்டியெழுப்பியவர்கள். அத்தகைய ஊரில் ஒரு குடும்பம் கணினி ஒன்றை வாங்குவது எளிய காரியமன்று. சீட்டுப் பிடித்தும், நெல் விற்ற காசை மிச்சம் பிடித்தும் வாங்கப்படும் அக்கணினி, பெரும்பாலும் வேறொருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய பொறியாகவே இருக்கும். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்த பிள்ளைக்குப் பயிற்சிக்கென உள்ள கருவி அது ஒன்றே. அது பழுதுற்றால் இன்னொன்றை வாங்குவதென்பது அக்குடும்பத்துக்கு அடுத்த போகம்வரை காத்திருப்பதாகும்.

இத்தகைய கணினிகளுக்கு அண்மையில் ஒரு சோதனை நேர்ந்தது. அவற்றுட் பலவற்றில் இயங்கிய விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கி வந்த பொதுவான ஆதரவை அதன் உற்பத்தியாளர் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்தினர். அதற்குப் பின்வந்த விண்டோஸ் 11, பாதுகாப்புக்கென ஒரு தனிச் சில்லையும் புதிய செயலியையும் வேண்டி நிற்பது. பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை. புதுக் கணினி வாங்கலாமெனின், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலையும் உடன் ஏறியது. எனவே, நல்ல நிலையில் உள்ள பழைய கணினியை எறியாது தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர் லினக்ஸை நாடுவது இயல்பு.

லினக்ஸ் என்பது யாது? பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கி வருவதாக 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் அறிவித்தார். அவர் ஆக்கியது முறைமையின் கரு மாத்திரமே. அதனைச் சூழவுள்ள பிற கருவிகளை, ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த 'குனூ' என்னும் திட்டம் பெரிதும் அளித்தது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்து ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தின் கீழ் இவை வெளிவந்தமையால், உலகின் பல பாகத்தாரும் தத்தம் தேவைக்கேற்ற லினக்ஸ் தொகுப்புக்களை உருவாக்கினர். டெபியன், பெடோரா, உபுண்டு, மின்ட் என்பன அவற்றுட் சில. இந்திய அரசின் சீ-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பொஸ்' என்னும் தொகுப்பு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. இலங்கையிலும் பெடோராவை அடிப்படையாகக் கொண்டு 'அந்தான' என்னும் தொகுப்பு மாணவர்க்கென ஆக்கப்பட்டது.

இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் இடரின்றி அமைந்துவிடும் என்று கொள்ளுதல் தவறு. நிறுவும்போதும் நிறுவிய பின்னரும் சில தடைகள் தோன்றுவதுண்டு. அத்தடைகளைக் கண்டு அஞ்சி, 'இது நமக்கு ஒத்துவராது' என்று கைவிடுவோர் ஒருசாரார். கண்டதையெல்லாம் மாற்றிப் பார்த்துச் சிறு பழுதைப் பெரும் பழுதாக்குவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒழுங்கான வழியொன்று உண்டு. அவ்வழியை உடையார்கட்டுக் கமக்காரர் எவரும் நன்கறிவர்.

வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள வயலுக்கு நீர் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அநுபவமுள்ள கமக்காரர் தம் வயல் வரம்பை உடனே வெட்டத் தொடங்குவதில்லை. குளத்தில் நீருண்டா, துருசு திறந்திருக்கிறதா, பெருவாய்க்கால் உடைந்துள்ளதா, கிளைவாய்க்காலை எவரேனும் மறித்துள்ளனரா என்று மேலிருந்து கீழ்நோக்கி நடந்து பார்ப்பார். நீர் எந்த இடம்வரை வந்துள்ளதோ அந்த இடத்துக்கு மேலே பழுதில்லை. எந்த இடத்தில் நின்றுவிட்டதோ அவ்விடத்தில் பழுது உண்டு. கணினியும் அவ்வாறே. மின்விசையை அழுத்தியதும் முதலில் மின்சாரம் பாய்கிறது. அடுத்துத் தாய்ப்பலகையில் பொதிந்துள்ள நிலைபொருள் விழித்துக்கொள்கிறது. அது வன்தட்டில் உள்ள தொடக்க நிரலை அழைக்கிறது. அந்நிரல் லினக்ஸின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. கரு, திரை, விசைப்பலகை, வலையமைப்பு முதலியவற்றுக்குரிய செலுத்திகளை எழுப்புகிறது. ஈற்றில் பயனர் காணும் முகப்புத் திரை தோன்றுகிறது. இயக்கம் எப்படிவரை வந்து நின்றது என்பதைத் திரையைப் பார்த்து அறிவதே பழுதறியும் கலையின் பாதி.

இனி, நிறுவுதற்கு முன்னர்ச் செய்யத்தக்கன யாவை என்பதை நோக்குதல் வேண்டும். லினக்ஸ் நிறுவுவோர்க்கு நேரும் மிகப் பெரும் இழப்பு கணினி இயங்காமற் போவதன்று. கோப்புக்கள் அழிந்து போவதே. வன்னியிற் பல குடும்பங்கள் போர்க்காலத்தில் தம் நிழற்படங்கள் அனைத்தையும் இழந்தன. திருமணப் படம் ஒன்று, மறைந்த பாட்டனாரின் படம் ஒன்று என, வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் எஞ்சியிருந்தவற்றின் பிரதிகளைப் பெற்றுக் கணினியிற் சேர்த்து வைத்திருப்போர் உளர். நிறுவுநிரல் இடையில் ஒரு வினாவை எழுப்பும்: முழு வட்டையும் அழித்து நிறுவுவதா, அன்றி இருக்கும் முறைமைக்கு அருகே நிறுவுவதா என்பதே அது. முதலாவதைத் தெரிந்துவிட்டால் பழைய கோப்புக்கள் யாவும் போய்விடும். அவற்றை மீட்பது அரிதினும் அரிது. ஆதலின், முக்கியமான கோப்புக்கள் அனைத்தையும் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா என்று இன்னொரு கணினியிற் சோதித்து, அதன் பின்னரே நிறுவலைத் தொடங்குதல் வேண்டும். சோதித்துப் பாராத படி, படியே அன்று.

அடுத்தது, இறக்கிய கோப்பின் செம்மை. மின்ட் போன்ற தொகுப்பு ஏறத்தாழ 3 கிகாபைற்று அளவினது. கைத்தொலைபேசியின் டேட்டா இணைப்பைக் கொண்டு இறக்குங்கால் இடையிலே இணைப்பு அறுந்து கோப்புச் சிதைவது உண்டு. சிதைந்த கோப்பைக் கொண்டு நிறுவினால், நிறுவல் பாதியில் நின்றுவிடும். குற்றம் கணினியினுடையது என்று பயனர் மயங்குவார். இதனைத் தவிர்க்க, தொகுப்பை வெளியிடுவோர் கோப்புடன் 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்பெண்ணையும் வெளியிடுகின்றனர். இறக்கிய கோப்பிலிருந்து கணிக்கும் எண்ணும் அதுவும் ஒத்திருப்பின் கோப்புச் செம்மையானது; ஒரு குறி வேறுபடினும் மீண்டும் இறக்குதல் வேண்டும்.

கணினி 32 பிட் வகையினதா 64 பிட் வகையினதா என்பதையும் அறிதல் நன்று. பெரிய தொகுப்புக்கள் பலவும் 32 பிட் கணினிகளைக் கைவிட்டுவிட்டன. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13உம் அவற்றுக்கான நிறுவுநிரலை வழங்கவில்லை. நினைவகம் 4 கிகாபைற்றோ அதற்குக் குறைவோ ஆயின், எக்ஸ்.எஃப்.சி.ஈ. போன்ற எளிய முகப்பைக் கொண்ட தொகுப்பைத் தெரிதலே தக்கது. எல்லாவற்றிலும் மேலாக, வட்டில் எதையும் எழுதாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. அவ்வாறு இயக்கி, திரை, ஒலி, வை-ஃபை, விசைப்பலகை ஆகியன இயங்குகின்றனவா என்று ஒரு மணி நேரம் சோதித்தால், பின்னர் வரக்கூடிய தொல்லைகளுட் பெரும்பாலானவை முன்னரே தெரிந்துவிடும்.

இனி, தொடக்கத்தில் நேரும் தடைகள். உற்பத்தியாளரின் பெயர் திரையில் தோன்றி, பின்னர்த் தொடக்க வட்டு இல்லை என்ற செய்தி வருமாயின், நீர் துருசைத் தாண்டவில்லை என்று கொள்ளலாம். நிலைபொருளின் அமைப்புத் திரையை எஃப் 2, எஃப் 12, டிலீட் முதலிய விசைகளுள் அக்கணினிக்குரியதை அழுத்தித் திறந்து, தொடக்க வரிசையைப் பார்த்தல் வேண்டும். தொடங்கும் முறைகள் இரண்டு உள: பழைய பயோஸ் முறை ஒன்று, புதிய யு.ஈ.எஃப்.ஐ. முறை மற்றொன்று. விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் மறுமுறையிலும் நிறுவப்படின், ஒன்று மற்றதைக் காணாது. நிறுவிய பின்னரும் கணினி நேராக விண்டோஸுக்கே செல்வதற்கு இம்முரண் ஒரு காரணம். தொடக்க வரிசையில் விண்டோஸ் முதலிடத்தில் இருப்பது பிறிதொரு காரணம்.

லினக்ஸின் தெரிவுப்பட்டி தோன்றி, அதன்பின் திரை கருமையாகிவிடின், வரைகலைச் செலுத்தியே பெரும்பாலும் காரணம். அப்பட்டியில் ஈ என்னும் விசையை அழுத்தினால் தொடக்கக் கட்டளைகள் தோன்றும். லினக்ஸ் என்ற சொல்லுடன் தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்னும் சொல்லை ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப் 10 விசையை அழுத்தினால், கணினி எளிய வரைகலை முறையில் தொடங்கும். இது தற்காலிக மருந்தே. முகப்புத் திரை வந்ததும் உரிய செலுத்தியை நிறுவிக்கொள்ளுதல் வேண்டும்.

வன்னியில் மின்தடையால் விளையும் இடர் தனியே ஆராயத்தக்கது. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நேயர்கள் மறந்திரார். அக்காலம் கடந்துவிட்டதெனினும், காற்றும் மழையும் மின்னலும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்துவது நாட்டுப்புறத்தில் இன்றும் உள்ளது. வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை குலையக்கூடும். லினக்ஸின் கோப்பு முறைமை தான் செய்யவிருப்பதை முன்னரே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வதால், பெரும்பாலான தடவைகளில் தானாகவே சீர்ப்பட்டுவிடும். எப்போதேனும் சீர்ப்படாவிடின், கணினி 'இனிட்-ராம்-எஃப்.எஸ்.' என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் காட்டி நின்றுவிடும். பார்ப்பவர்க்கு அச்சந் தரும் இத்திரை, கணினி தன் பழுதைத் தானே கூறி உதவி வேண்டும் இடம். எஃப், எஸ், சி, கே என்னும் நான்கு எழுத்துக்களையும், ஓர் இடைவெளி விட்டு, பழுதுற்ற பாகத்தின் பெயரையும் தட்டினால் திருத்தம் தொடங்கும். பாகத்தின் பெயர் மேலே உள்ள செய்தியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆயினும், மின்தடையின்றியே இத்திரை அடிக்கடி தோன்றுமாயின், வன்தட்டு நலிந்துவருகிறது என்று ஐயுறல் வேண்டும். அந்நிலையில் திருத்துவதற்கு முன்னர், பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிக் கோப்புக்களைப் படியெடுப்பதே முதற் கடமை.

மின்தடையோடு தொடர்புடைய இன்னொரு பழுது, தோன்றும் இடம் ஒன்றும் மூலம் வேறொன்றுமாக இருந்து பலரை மயக்குவது. மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடுவதற்கும், பழைய பலகைகளில் அமைப்புக்கள் நினைவில் நிற்பதற்கும் அதுவே துணை. பழைய கணினியில் அக்கலம் வலுவிழந்திருக்கும். ஆதலின் ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னரும் திகதி பல ஆண்டுகள் பின்சென்றுவிடும். அப்போது பாதுகாப்பான இணையத்தளங்கள், தம் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் காலத்துக்கு வரவில்லை என்று கருதப்பட்டுத் திறக்க மறுக்கும். லினக்ஸின் இற்றைப்படுத்தலும் அவ்வாறே மறுக்கும். பயனரோ இணைப்புப் பழுதென்று எண்ணித் தொலைபேசி நிறுவனத்தைக் கடிந்துகொள்வார். திரையின் மூலையில் உள்ள திகதியை ஒருமுறை நோக்கியிருப்பின் உண்மை விளங்கியிருக்கும். கடையிற் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் சீ.ஆர். 2032 என்னும் கலத்தை மாற்றுவதே பல கணினிகளில் இதற்குத் தீர்வு.

கடிகாரத்தில் வேறொரு புதுமையும் உண்டு. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பின், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது நண்பகல் 12 மணி, காலை 6.30 எனக் காட்டப்படும். இதற்குக் காரணம் கலத்தின் நலிவன்று. லினக்ஸ் வன்பொருட் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதனையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இலங்கை நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியதாதலின், பிழையும் சரியாக ஐந்தரை மணியாகவே அமைகிறது. வேறுபாடு ஒழுங்கானதெனின் அது அமைப்பின் விளைவு. ஒழுங்கற்றதெனின் கலத்தின் விளைவு. வன்பொருட் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளுமாறு லினக்ஸுக்குக் கூறும் ஒரு கட்டளையால் இது தீரும்.

வை-ஃபை இயங்காமை அடுத்த பெருங்குறை. வலையமைப்பு அட்டைகள் சிலவற்றுக்குரிய நிலைபொருள் கட்டற்ற உரிமத்தில் இல்லாமையால், சில தொகுப்புக்கள் அதனை உடன் வழங்குவதில்லை. டெபியன் தொகுப்பு 2023 ஜூனில் வெளிவந்த தன் 12ஆம் பதிப்பு முதல் இந்நிலைபொருளையும் நிறுவுநிரலுடன் சேர்த்தமையால் தொல்லை பெரிதும் குறைந்தது. எனினும், பழைய மடிக்கணினிகளிற் காணப்படும் பிரோட்கொம் அட்டைகள் சில இன்றும் தனிச் செலுத்தியை வேண்டி நிற்பன. செலுத்தியைப் பெற இணையம் வேண்டும். இணையத்தைப் பெறச் செலுத்தி வேண்டும் என்னும் இச்சிக்கலை அவிழ்க்க வீட்டிலுள்ள கைத்தொலைபேசியே போதும். மின்னேற்றும் கம்பியால் அதனைக் கணினியோடு இணைத்து, தொலைபேசியில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், கணினி அதனைக் கம்பிவழி இணைப்பாகவே கொள்ளும். அதன்வழி உரிய செலுத்தியை இறக்கிக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டியும் மீண்டும் மீண்டும் உள்நுழையும் திரையே வருவது பிறிதொரு குறை. வட்டு நிரம்பியிருப்பது இதற்கு ஒரு பொதுக் காரணம். எழுத இடமின்றி முகப்புத் திரை எழ இயலாது வீழ்கிறது. கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தின் எழுத்துத் திரை தோன்றும். அங்கே உள்நுழைந்து, டி, எஃப் என்னும் ஈரெழுத்துக் கட்டளையால் வட்டின் நிரம்பலை அறிந்து, வேண்டாதவற்றை நீக்கினால் வழி திறக்கும்.

தமிழ் எழுத்துத் தொடர்பான இடரும் இங்கே கூறத்தக்கது. இலங்கையில் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவே கடிதங்களுக்கும் வினாத்தாள்களுக்கும் வழங்கியது. அது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அத்தகைய கோப்பு லினக்ஸில் திறக்கப்படின், 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். கோப்புச் சிதைந்துவிட்டதென்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. எழுத்துரு இல்லாமையே குறை. பாமினி எழுத்துருவை லினக்ஸின் எழுத்துரு அடைவில் இட்டால் தமிழ் மீண்டும் தோன்றும். எனினும், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வதே நிலையான தீர்வு. புதிதாகத் தட்டுவோர்க்குத் தமிழ் 99, இலங்கையில் வழங்கும் ரங்கநாதன் ஆகிய விசைப்பலகை அமைப்புக்கள் இரண்டும் லினக்ஸில் உள.

இவ்வளவும் முயன்று தீராத பழுதுக்குப் பிறர் உதவியை நாடுவதில் இழுக்கில்லை. ஆனால் 'கணினி வேலை செய்யவில்லை' என்று மாத்திரம் கூறின் எவரும் உதவ இயலாது. வயிற்றுவலிக்கு மருந்து கேட்பவர், எப்போது தொடங்கியது, என்ன உண்டது என்பவற்றைக் கூறுவது போல, கணினியின் வகை, லினக்ஸ் தொகுப்பின் பெயரும் பதிப்பும், இறுதியாகச் செய்த மாற்றம், திரையில் தோன்றிய செய்தி ஆகியவற்றை எழுத்துப் பிசகாமற் கூறுதல் வேண்டும். கைத்தொலைபேசியாற் பிழைச்செய்தியைப் படமெடுத்து வைத்தல் எளிது. தமிழில் விளக்கம் வேண்டுவோர்க்கு, 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை இலவசமாக வழங்கி வருகிறது.

ஒரு வேளையில் ஒரு மாற்றத்தையே செய்தல், செய்ததைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல், பயன் தராவிடின் அம்மாற்றத்தை மீளப் பெறுதல் என்னும் மூன்றும் பழுதறிவோர்க்குரிய ஒழுக்கங்கள். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்து பழுது தீர்ந்துவிடினும், எது தீர்த்தது என்பது தெரியாமையால், அடுத்த முறை அதே இருளிலேயே தொடங்க வேண்டியிருக்கும். உயர்தர மாணவர்க்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. பணிசெயல் முறைமை என்பது அவர்தம் பாடத்திட்டத்தில் ஓர் அலகு. கருவும் செலுத்தியும் கோப்பு முறைமையும் பாடநூலின் பக்கங்களில் வரைவிலக்கணங்களாக நிற்பன; வீட்டுக் கணினியில் ஒரு பழுதைத் தேடிக் களைந்த பிள்ளைக்கு அவை கண்கூடாகிவிடுகின்றன. நிறுவிய பென் டிரைவை அழித்துவிடாமல், அந்தக் கொப்பியையும் மாற்று மின்கலம் ஒன்றையும் அதனுடன் சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் வீட்டில், அடுத்த மின்தடை கணினியை நிறுத்தினாலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாது.